சில்லுப் போன பல்லும் வெட்டுப்பட்ட லிங்கமும்

முன்பல்லின் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்து போவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. தீபாவளித் தட்டை கொஞ்சம் கெட்டியாகிப் போனால் போதும். சோற்றில் ஒரு கல் கிடந்தால் போதும். செம்பரம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி போகிற வழியில் வேகத்தடையைக் கவனிக்காமல் பைக் ஏறி இறங்கி, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் மோதிக்கொண்டால் போதும். பெரும்பாலும் வலிக்காது, இரத்தமும் வராது. ஆனால் நாக்கு மட்டும் சும்மா இராது. கூராகிப்போன அந்த இடத்தைத் தேடித் தேடிப் போய்த் தொட்டுக்கொண்டே இருக்கும்.

அதற்குள் வீட்டில் பேச்சு கிளம்பிவிடும். "உடம்பே ஒருநாள் போகப்போவுது, இந்தத் துக்குணூண்டுக்கு ஆஸ்பத்திரியா?" என்பார் ஒருவர். "பொண்ணு பார்க்க வர்ற நேரத்துல முன்பல்லு பின்னமாயிடுச்சே" என்று இன்னொருவர் தலையில் கை வைப்பார். "அடைக்கிறதுதான் அடைக்கிற, அப்படியே எல்லாப் பல்லையும் வரிசையா வெள்ளையா ஆக்கிடு" என்பார் மூன்றாமவர். மூவரும் பல்லைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் முதலாமவர் பேசுவது வைராக்கியம், இரண்டாமவர் பேசுவது லட்சணம், மூன்றாமவர் பேசுவது படைப்பைத் திருத்தி எழுதும் உரிமை. சமயங்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக விவாதித்து வரும் கேள்வி இது. உடம்பில் ஒரு குறை விழுந்தால் மனிதன் அதை என்ன செய்ய வேண்டும்? ஏற்றுக்கொள்வதா, சரிசெய்வதா, வெட்கப்படுவதா?

இதற்குப் பதில் தேடிக் காசிக்குப் போக வேண்டியதில்லை. செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றியுள்ள தொண்டை நாட்டுக் கோயில்களே போதும். காயம் பட்ட கடவுள்கள் இந்தப் பகுதியில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் இருக்கிறது திருமுல்லைவாயில். அங்கே தொண்டைமான் குறும்பர்கள் மீது படையெடுத்துப் போனபோது அவன் ஏறிவந்த யானையின் காலை முல்லைக்கொடிகள் பின்னிக்கொண்டன என்கிறது தலபுராணம். யானை நகர முடியவில்லை. மன்னன் வாளை உருவிக் கொடியை வெட்டினான். வெட்டிய இடத்திலிருந்து இரத்தம் பெருகியது. கீழே இறங்கிப் பார்த்தால் புதருக்குள் ஒரு லிங்கம், அதன் உச்சியில் வாள்வெட்டு. செய்த பிழைக்குத் தன் கழுத்தையே அறுத்துக்கொள்ளப் போனவனைத் தடுத்து, இறைவன் காட்சி கொடுத்தார். நந்தியையும் துணைக்கு அனுப்பினார். அதனால்தான் அந்தக் கோயிலில் நந்தி சுவாமியைப் பார்க்காமல் வெளியே பார்த்து உட்கார்ந்திருக்கிறது. கருவறைக்கு முன்னால் இரண்டு வெள்ளெருக்கந் தூண்கள் நிற்கின்றன. லிங்கத்தின் மேல் எப்போதும் சந்தனக்காப்பு. வெட்டுப்பட்ட இடம் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதற்காக. ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரை சதயத்தையொட்டி, பழைய சந்தனம் களையப்பட்டுப் புதுச் சந்தனம் சாத்தப்படும். அப்போதுதான் சுவாமியைக் காப்பில்லாமல் பார்க்க முடியும் என்பதால் கூட்டம் அலைமோதும்.

இத்தனைக்கும் அவர் பெயர் மாசிலாமணீஸ்வரர். வெட்டுப்பட்டவருக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும் என்று திருமுல்லைவாயிலில் யாரும் கேட்பதில்லை. காயத்தைக் கல் தச்சரை வைத்து ஒட்டவும் இல்லை, வேறு லிங்கம் வைக்கவும் இல்லை.

திருமுல்லைவாயில் மட்டும் விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். திருவள்ளூரை அடுத்த திருப்பாசூரில் மூங்கில் புதருக்குள் இருந்த லிங்கத்தின் மேல் வாச்சி பட்ட தழும்பு உண்டு. வாசீஸ்வரர் என்ற பெயரே அந்தக் கருவியால் வந்தது. காஞ்சி ஏகாம்பரநாதர் மேனியில் அம்பாள் தழுவிய தழும்பு இருப்பதாக ஐதீகம். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி உற்சவர் முகத்தில் பீஷ்மரின் அம்பு பட்ட வடுக்கள் இருக்கின்றன. தேரில் வரும்போது பக்தர்கள் எக்கி எக்கிப் பார்ப்பது அந்த வடுக்களைத்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளையார். தெருமுனையில் தொடங்கி வீட்டுப் பூஜை அலமாரி வரை ஒற்றைக் கொம்போடு உட்கார்ந்திருக்கிறார். தந்தம் என்பது யானையின் பல்தான். நீண்டு வளர்ந்த வெட்டுப்பல். அப்படிப் பார்த்தால் தமிழன் எந்தக் காரியத்தையும் தொடங்குமுன் கும்பிடுவது பல் உடைந்த ஒரு சாமியை. அது எப்படி உடைந்தது என்பதற்கும் ஒரே கதை இல்லை. கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் கயமுகாசுரனை வெல்லத் தானே ஒடித்து எறிகிறார். பிரம்மாண்ட புராணத்தில் பரசுராமர் வீசிய மழு வந்து விழுகிறது. அது தன் தந்தை கொடுத்த ஆயுதமாயிற்றே, வீணாகக் கூடாது என்று தந்தத்தில் வாங்கிக்கொள்கிறார். பாரதம் எழுதுவதற்காக முறித்தார் என்பது வீடுகளில் சொல்லப்படும் கதை. மூன்று கதையிலும் அவர் அதைத் திரும்ப வளர்த்துக்கொள்ளவில்லை.

ஆனால் சதுர்த்தியன்று வாங்கிவரும் களிமண் பிள்ளையாரின் தும்பிக்கை வழியில் உடைந்துவிட்டால் என்ன செய்கிறோம்? திரும்பப் போய் வேறு பிள்ளையார் வாங்கி வருகிறோம். ஒடிந்த தந்தம் மங்கலம், ஒடிந்த தும்பிக்கை பின்னம். இது முரண்பாடு போலத் தெரிந்தாலும் இதற்குள் ஒரு தெளிவு இருக்கிறது. தந்தத்தின் உடைவில் ஒரு சரித்திரம் இருக்கிறது. தும்பிக்கையின் உடைவில் ஷேர் ஆட்டோவின் குலுக்கல் மட்டும்தான். உடைந்தது என்பதாலேயே ஒன்று புனிதமாகிவிடுவதில்லை, உடைந்தது என்பதாலேயே விலக்கப்படுவதும் இல்லை.

இந்தக் கதைகளைக் கேட்டுவிட்டு, 'அப்படியானால் காயத்தை அப்படியே விட்டுவிடுவதுதான் பக்தி' என்று முடிவு கட்டினால் அது அவசர முடிவு. செம்பரம்பாக்கத்துக்கு மிக அருகில் இருக்கும் திருமழிசை, இதற்கு மறுபக்கத்தைக் காட்டுகிறது. திருமழிசையாழ்வார் பிறந்த ஊர் என்று தெரிந்த அளவுக்கு அங்குள்ள ஒத்தாண்டேஸ்வரர் கோயிலைப் பலருக்குத் தெரியாது. அங்கும் கிட்டத்தட்ட அதே கதை: யானை, கொடி, வாள், இரத்தம், லிங்கம். மன்னன் கரிகாலன். பதறிப்போன அவன் வெட்டிய தன் கையையே வெட்டிக்கொள்கிறான். இறைவன் அந்தக் கையைத் திரும்பக் கொடுக்கிறார். கை தந்த பிரான் என்று அவருக்குப் பெயர். தன் தலையில் பட்ட வெட்டைத் தாங்கிக்கொள்கிற கடவுள், மனிதனின் கையை மட்டும் வெட்டுப்பட்டபடி விடச் சம்மதிக்கவில்லை. இந்த இரண்டு கோயில்களையும் ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அப்படிப் பார்ப்பவருக்கு, உடம்பைப் பற்றி இந்த மண் என்ன நினைக்கிறது என்பது நூல்கள் இல்லாமலே விளங்கும்.

சுந்தரரும் இதே வழியில் நடந்திருக்கிறார். திருவொற்றியூரில் தாம் மணந்த சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிக் கண்ணிழந்த பின், அவர் முதலில் வந்து பாடிய தலம் திருமுல்லைவாயில். அடுத்து வெண்பாக்கம். அங்கே பார்வை கிடைக்கவில்லை, ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. (அந்தப் பழைய கோயில் இருந்த இடத்தைப் பூண்டி நீர்த்தேக்கம் விழுங்கிவிட்டது. கோயில் இப்போது இடம் மாறி இருக்கிறது. பூண்டித் தண்ணீர் இணைப்புக் கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்கும் வருகிறது.) காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண். வழி நெடுக அவர் கடவுளிடம் கேட்டார், முறையிட்டார், கோபித்துக்கொண்டார். 'உடம்புதானே, போனால் போகட்டும்' என்று ஓரிடத்திலும் அவர் சொல்லவில்லை. கண் போன அடியவர் கண்ணைக் கேட்டால் அது பக்திக் குறைவு என்று சைவ உலகம் நினைத்ததும் இல்லை.

ஆக, முதலாமவரின் வைராக்கியம் கொஞ்சம் பலவீனமான அடித்தளத்தில் நிற்கிறது. பல்லைக் கூடத் துறப்பது என்றால் என்ன என்பதைத் திகம்பர சமண முனிவர்களிடம் பார்க்க வேண்டும். அவர்களுடைய 28 மூலகுணங்களில் பல் துலக்காமையும் ஒன்று. குளியாமை, தரையில் உறங்குதல், நின்றபடி ஒருவேளை உண்ணுதல் என்று அந்தத் துறவு முழுமையானது. இல்லறத்தாருக்கு அந்த விதியைச் சமணம் வைக்கவில்லை. பௌத்தத்தில் புதிதாகத் துறவு பூணுபவருக்குச் சொல்லித்தரும் முதல் தியானமே முடி, மயிர், நகம், பல், தோல் என்ற ஐந்தையும் நினைப்பதுதான். அதுவும் பற்று நீங்குவதற்கான பயிற்சி. மருந்து வேண்டாம் என்று சொல்வதற்காக வைத்தது இல்லை. தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டுகிற மனிதர், பல் டாக்டரிடம் போவதற்கு மட்டும் பட்டினத்தாரைத் துணைக்குக் கூப்பிடுவது பட்டினத்தாருக்குச் செய்யும் நியாயம் இல்லை. பெரும்பாலும் அங்கே பேசுவது ஊசி பயம். திருமூலரோ, முன்பு இந்த உடம்பை இழிவென்று நினைத்திருந்ததையும், உள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதை ஓம்பத் தொடங்கியதையும் வெளிப்படையாகவே சொல்கிறார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அது.

சரி, சரிசெய்யலாம் என்றால் எவ்வளவு? இங்கேதான் ஆகமங்களும் சிற்ப நூல்களும் உதவுகின்றன. ஜீர்ணோத்தாரணம் என்று தனிப்பகுதியே அவற்றில் உண்டு. பின்னமான மூர்த்தியை என்ன செய்வது என்பதற்கு ஒரே வரியில் அவை பதில் சொல்வதில்லை. போனது முக்கிய அங்கமா, சிறு உறுப்பா என்று முதலில் பார்க்கச் சொல்கின்றன. விரல் நுனி, அணிகலன் போன்றவை சிதைந்தால் செப்பனிட்டு வழிபாட்டைத் தொடரலாம். தலையோ கை கால்களோ போனால் புதுமூர்த்தி வேண்டும். பழைய கல்லை ஆழமான நீரில் விட வேண்டும். சுயம்பு மூர்த்திக்கோ பின்ன தோஷமே இல்லை. திருமுல்லைவாயில் லிங்கத்தை யாரும் மாற்றாததற்கு இதுவே காரணம். பழுது பார்க்கும் நாட்களில் கூட மூர்த்தியின் சக்தியைப் பாலாலயம் என்ற தற்காலிகச் சந்நிதியில் எழுந்தருளச் செய்து, பூஜை ஒருநாளும் தவறாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

பல்லிலும் இப்படித்தான் ஆழம் பார்க்க வேண்டியிருக்கிறது. வெளிப்புறம் எனாமல். மனித உடம்பில் இதைவிடக் கெட்டியான பொருள் கிடையாது. எடையில் 95 சதவீதத்துக்கு மேல் தாதுப்பொருள். அதில் உயிரணு ஒன்றுகூட இல்லை. அதை உருவாக்கிய உயிரணுக்கள் பல் முளைத்ததும் அழிந்துவிடுகின்றன. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஒட்டும், எனாமல் மட்டும் திரும்ப வளராது. மேல் முன்பல்லின் எனாமல் குழந்தைக்கு நான்கைந்து வயதாவதற்குள் ஈறுக்குள்ளேயே உருவாகி முடிந்துவிடுகிறது. நாற்பது வயதில் தட்டையைக் கடித்துத் துப்பும் அந்தத் துகள், அவர் பால்வாடிக்குப் போன காலத்தில் செய்து முடிக்கப்பட்டது. பால்பற்களின் எனாமலைக் குறுக்கே சீவி நுண்ணோக்கியில் வைத்தால், குழந்தை பிறந்த தருணம் ஒரு கோடாகவே பதிந்திருப்பதைப் பார்க்கலாம். கருவறைக்குள் உருவான எனாமல் கோட்டுக்கு ஒருபுறம், வெளியே வந்தபின் உருவானது மறுபுறம்.

எனாமல் மட்டும் பெயர்ந்திருந்தால் அவசரம் இல்லை. கூரான ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கினாலே நாக்குக்கு நிம்மதி. உடைந்த இடத்தில் மஞ்சளாகத் தெரிந்து, குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்றால், அடுத்த அடுக்கான டென்டின் வரை போயிருக்கிறது. அதை மூடியாக வேண்டும். நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தாலோ இரத்தம் கசிந்தாலோ பல்லின் உயிர்ச்சதையே திறந்துவிட்டது. அன்றைக்கே போக வேண்டும். கீழே விழுந்து அடிபட்ட பல் என்றால், சில்லு சின்னதாக இருந்தாலும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. உள்ளே நரம்பு செத்து, சில மாதம் கழித்துப் பல் கறுத்துப் போவதுண்டு.

அடைக்கும் முறையை அருகிலிருந்து பார்த்தால், கோயில் வேலை தெரிந்தவருக்கு ஒரு பழக்கமான காட்சி நினைவுக்கு வரும். பல் டாக்டர் உடைந்த ஓரத்தில் பாஸ்பாரிக் அமிலக் களிம்பைத் தடவுகிறார். பெரும்பாலும் நீல நிறம். அரை நிமிடத்துக்குள் கழுவி உலர்த்தினால் பளபளத்த எனாமல் சாக்பீஸ் போல மங்கி நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத குழிகள் அதில் விழுந்திருக்கும். அந்தக் குழிகளுக்குள் பசை இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. மேலே பல்லின் நிறத்துக்குப் பொருந்தும் காம்போசிட்டை அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல விளக்கால் இறுக்குகிறார். உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்கத் தொழிற்சாலைகளில் அமிலம் பூசுவதைக் கண்டு, அதைப் பல்லில் செய்து பார்த்தவர் அமெரிக்காவின் ரோசெஸ்டரில் இருந்த மைக்கேல் புவோனகோர். ஆண்டு 1955. ரஃபேல் போவன் உருவாக்கிய ரெசின் 1960களில் வந்து சேர்ந்த பிறகு முன்பல்லின் சில்லு ஒரே நாளில் முடிகிற வேலையாயிற்று. இப்போது வேலப்பன்சாவடி பல் மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் தினமும் செய்யும் வேலை அது.

கோயிலில் இதற்கு இணை அஷ்டபந்தனம். கொம்பரக்கு, சுக்கான், குங்கிலியம், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டும் சேர்த்து இடித்து, மூர்த்திக்கும் பீடத்துக்கும் இடையே வைத்து அழுத்துகிறார்கள். அது நிரந்தரமானது என்று யாரும் சொல்வதில்லை. 12 ஆண்டுக்கு ஒருமுறை பழையதைச் சுரண்டிவிட்டுப் புதிது வைத்துக் குடமுழுக்கு செய்கிறார்கள். பல்லில் வைத்த காம்போசிட்டும் சில ஆண்டுகளில் நிறம் மாறும், ஓரம் தேயும், மறுபடி வைக்க வேண்டிவரும். கடவுளின் பீடத்துக்கே மறுபடி மறுபடி பராமரிப்பு தேவைப்படும்போது, 'ஒருதரம் அடைச்சா ஆயுசுக்கும் நிக்குமா?' என்று பல் டாக்டரிடம் மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை.

மூன்றாமவரின் ஆசை பற்றி இஸ்லாமிய மரபு மிகக் கூர்மையாக யோசித்திருக்கிறது. அழகுக்காகப் பற்களைத் தேய்த்து இடைவெளி உண்டாக்குவதை நபிமொழி கண்டிக்கிறது. அதே மரபில் அர்ஃபஜா என்ற தோழரின் வரலாறும் உண்டு. போரில் மூக்கை இழந்த அவர் வெள்ளியில் மூக்கு செய்து வைத்தார். அது நாற்றமடிக்கத் தொடங்கியது. தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபிகள் நாயகம் சொன்னார். ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்ட சமயத்தில் இப்படி ஒரு அனுமதி. தளர்ந்த பல்லைத் தங்கத்தால் கட்டலாமா என்ற கேள்விக்கு அறிஞர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டினார்கள். இழந்ததை மீட்பது வேறு, இருப்பதை மாற்றுவது வேறு. 625இல் உஹதுப் போரில் நபிகளின் முன்பல்லே உடைந்தது என்பதையும் முஸ்லிம்கள் மறப்பதில்லை. நன்றாக இருக்கும் பற்களை அரைத்து உறை மாட்டிக்கொள்ளலாமா என்று யோசிப்பவர், எந்தச் சமயத்தவராக இருந்தாலும், இந்த வேறுபாட்டைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். அரைத்த எனாமல் திரும்ப வராது.

எஞ்சியிருப்பவர் இரண்டாமவர். மூவரில் அதிகக் கெடுதல் செய்வது அவர் பேச்சுதான். உடற்குறை உள்ளவர் பலிபீடத்தை நெருங்கக்கூடாது என்று பைபிளின் லேவியராகமம் விதித்தது. பூஜை செய்பவருக்கு உறுப்புக் குறை கூடாது என்று ஆகமங்களும் சொல்கின்றன. சாமுத்திரிகா லட்சணம் பல் வரிசையை வைத்தே பலன் சொல்கிறது. புத்தருக்குச் சொல்லப்படும் 32 லட்சணங்களில் இடைவெளி இல்லாத சீரான பற்களும் உண்டு. இவற்றையெல்லாம் அரைகுறையாகக் கேட்டு வளர்ந்த சமூகம், ஒரு பெண்ணின் முன்பல் ஓரத்தைப் பார்த்து அவள் ராசியை எடை போடுகிறது. மாப்பிள்ளையின் பல்லில் அதே சில்லு இருந்தால் யாருக்கும் கண்ணில் படுவதே இல்லை.

வேதமே இதைவிடப் பெரிய மனதோடு நடந்துகொண்டிருக்கிறது. பூஷன் என்ற சூரிய தேவனுக்குப் பல் கிடையாது. வேள்வியின் பாகத்தைச் சுவைத்தபோது விழுந்துவிட்டது என்கிறது சதபத பிராமணம். தக்கன் வேள்வியில் சிவகணங்கள் உடைத்ததாகப் புராணம். மாணிக்கவாசகரும் திருவுந்தியாரில் சூரியனின் பல் போனதைப் பாடுகிறார். பல் போனதற்காக யாரும் பூஷனைத் தேவர் வரிசையிலிருந்து நீக்கவில்லை. அவருக்குக் கொடுக்கும் பாகத்தை மாவாக அரைத்துக் கொடுங்கள் என்று சடங்கை மாற்றி வைத்தார்கள். பல் இல்லாதவருக்கு ஏற்றபடி பந்தி மாறியது.

பல்லில் சில்லு போனவர் சரிசெய்துகொண்டால் அதில் ஆடம்பரம் இல்லை. பிழைப்புக்குப் பாதகமில்லை, வலியும் இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டால் அதில் அபசகுனமும் இல்லை. டென்டின் வரை உடைந்த பல்லை மூடாமல் விடுவது மட்டும்தான் தவறு. அந்தத் தவறும் பல்லோடு முடிந்துபோவது. ஒருவரை அந்தச் சில்லால் அளப்பது அப்படி முடிவதில்லை. பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுக்கும்போது, விழுந்து பல் உடைத்துக்கொண்ட பையனையோ பெண்ணையோ "வாயை மூடிக்கோ" என்று சொல்லாதீர்கள். உடைந்த துண்டு கிடைத்தால் தண்ணீரிலோ பாலிலோ போட்டு எடுத்துக்கொண்டு, அன்றைக்கே பல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்; பல நேரங்களில் அதே துண்டை அவரால் திரும்ப ஒட்டிவிட முடியும்.